போலீஸ் பெண்களின் மெனோபாஸுக்கு அரசுப் பணம்: எவ்வளவு, எதற்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இங்கிலாந்தில் போலீஸ் வேலையில் இருக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதில் உதவி என்று மக்கள் வரிப்பணத்தில் ஃபேன் வாங்கித் தருகிறார்களாம், வகுப்பு எடுக்கிறார்களாம். எவ்வளவு செலவாகிறது? இது தேவைதானா? எல்லாப் பெண்களும் கடந்து வருகிற விஷயம்தானே?"

நான் இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் காவல் துறையின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். சீருடை போட்டதில்லை. ஆனால் சீருடைக்கும் ஓவர்டைமுக்கும் மருத்துவ விடுப்புக்கும் போகிற பணம் என் மேஜையைத் தாண்டித்தான் போனது. எனக்கு இப்போது 52 வயது. ராத்திரி மூன்று மணிக்கு வியர்வையில் நனைந்து எழுந்து, அப்புறம் தூக்கம் வராமல் படுத்துக் கிடந்த இரண்டு வருடம் எனக்கும் உண்டு. அதனால் கணக்குத் தெரிந்தவளாகவும் உடம்பால் தெரிந்தவளாகவும் பதில் சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு என்று பார்ப்போம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 43 வட்டாரக் காவல் துறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி பட்ஜெட், தனித் தலைமை. ஸ்காட்லாந்தில் 2013 முதல் எல்லாம் ஒரே துறை. இந்த 43 துறைகளில் பெரும்பாலானவற்றில் மெனோபாஸ் என்று தனிக் கணக்குத் தலைப்பே கிடையாது. ஃபேன் வாங்கினால் அது அலுவலகப் பொருள் செலவில் போய்ச் சேரும். கூடுதலாக ஒரு சட்டை கொடுத்தால் சீருடைச் செலவு. செவிலியரைப் பார்க்க அனுப்பினால் பணியிட மருத்துவப் பிரிவின் செலவு. ஷிஃப்ட் குழுவை நடத்தும் சார்ஜென்ட்களுக்கு வகுப்பு என்றால் பயிற்சிச் செலவு. நாலு வாளியில் பிரிந்து கிடக்கும் தண்ணீரை அளந்து சொல் என்றால் யாரால் முடியும்?

அதனால்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்பவர்களுக்குப் பல நேரம் "தனியாகப் பதிவு இல்லை" என்ற பதில் வருகிறது. மறைக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அங்கே அந்தச் சட்டப்படி 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். ஆனால் தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல், அதாவது மணிக்கு 25 பவுண்டு வீதம் 450 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றால் காவல் துறை மறுக்கலாம். நூற்றுக்கணக்கான மருத்துவ விடுப்புக் கோப்புகளைக் கையால் புரட்டினால்தான் எண்ணிக்கை கிடைக்கும் என்ற நிலையில், அந்த 18 மணி நேரம் எந்த மூலைக்கு?

சரி, தோராயமாகவாவது ஒரு அளவு வேண்டுமே. 2024 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1,47,000 போலீஸ் அதிகாரிகள் இருந்தார்கள். அதில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 52,000 பேர். அவர்களில் ஒவ்வொருவருக்கும், 22 வயதுப் பெண்ணையும் சேர்த்துத்தான், வருடத்துக்கு 100 பவுண்டு இதற்கென்றே செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 52 லட்சம் பவுண்டு வரும். 2024-25இல் அங்கே காவல் பணிக்கு ஒதுக்கிய மொத்தத் தொகை 1,840 கோடி பவுண்டு வரை. அதாவது 100 பவுண்டில் 3 பென்ஸுக்கும் குறைவு. நான் கண்ணால் பார்த்த செலவு இந்தக் கற்பனைத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

அதற்காகக் கேள்வியே தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு வீட்டாரும் உள்ளாட்சிக்குச் செலுத்துகிற கவுன்சில் வரியிலிருந்து வருகிறது. 2025-26இல் நடுத்தர வீட்டுக்கு, அதாவது டி பிரிவு வீட்டுக்கு, போலீஸ் பங்கை மட்டும் 14 பவுண்டு வரை ஏற்றிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருக்கும் நம் ஆட்கள் வீட்டு ரசீதிலும் அந்த வரி இருக்கிறது. வீட்டில் திருடு போய் போன் செய்தால் ஆள் வர நாளாகிறது என்று புலம்புகிறவரிடம் "ஃபேன் வாங்கினோம்" என்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இனி நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2010களின் நடுவில் என் மேஜைக்கு ஒரு படிவம் வந்தது. பணியில் சேதமான சீருடைக்கு மாற்று கேட்கும் படிவம். கறுப்பு பேன்ட் இரண்டு. காரணம் எழுத வேண்டிய கட்டம் காலி. விதிப்படி காரணம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பினேன். ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. இந்த முறை "கறை" என்று ஒரே வார்த்தை. என்ன கறை, எந்தச் சம்பவம், சம்பவ எண் என்ன என்று பென்சிலால் எழுதி மறுபடி திருப்பினேன். மூன்றாவது முறை படிவம் வரவில்லை. அந்த அம்மாவே வந்தார்.

49 வயது, 24 வருட சர்வீஸ். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஒரு கொலை நடந்த வீட்டு வாசலில் காவல் நிற்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நீலமும் வெள்ளையுமாக டேப் கட்டி, உள்ளே போகிற வருகிற ஒவ்வொருவர் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியம். மாற்று ஆள் வராமல் அந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர முடியாது. கத்திக்குத்து தாங்கும் கவசம் மேலே. இடுப்பில் விலங்கு, தடி, ஸ்ப்ரே, ரேடியோ. மாற்றுக்கு ஆள் வர ஏழு மணி நேரம் ஆயிற்று. அவருக்கு அப்போது மாதவிடாய் தாறுமாறாக வரும் காலம். நம் பாட்டிமார் பெரும்பாடு என்பார்களே, அது. இரண்டாவது மணி நேரத்திலேயே நிலைமை கை மீறிவிட்டது. ரேடியோவில் மாற்று ஆள் கேட்டிருக்கிறார். "என்ன காரணம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அலைவரிசையில் முப்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "ஒன்றுமில்லை, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். கறுப்பு பேன்ட் ஆனதால் யாருக்கும் தெரியவில்லை என்றார். ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது கார் சீட்டில் பிளாஸ்டிக் பை விரித்து உட்கார்ந்து வந்தாராம்.

ரேடியோவில் ஒருவர் காரணம் கேட்டார். அப்புறம் நான் காரணம் கேட்டேன், இரண்டு முறை. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு பேன்ட்டை வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த அம்மா அடுத்த வருடமே வேலையை விட்டுப் போனார். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்களிடம் வாக்குமூலம் எடுப்பதில் அந்தத் துறையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். போகிறவர்களிடம் பேசி எழுதும் தாளில் "குடும்பக் காரணம்" என்று இருந்ததாம்.

இதற்கு எவ்வளவு செலவு என்று யாரும் கணக்கு எழுதவில்லை. எழுதிப் பார்ப்போம். சம்பள ஏணியின் உச்சியில் இருக்கும் ஒரு கான்ஸ்டபிளுக்கு 2024 செப்டம்பர் கணக்கில் வருடச் சம்பளம் 48,231 பவுண்டு. மாதம் சுமார் 4,020. இதற்கு மேல் ஓய்வூதியத்துக்குத் துறை தன் பங்காகச் சம்பளத்தில் 35.3 சதவீதம் கட்டுகிறது. இரண்டும் சேர்ந்து மாதம் 5,400 பவுண்டைத் தாண்டும். அவர் மருத்துவ விடுப்பில் போனால் 12 மாதத்தில் ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் ஆறு மாதம் பாதிச் சம்பளம். அவர் இல்லாத ஷிஃப்டை நிரப்ப இன்னொருவரை ஓய்வு நாளில் கூப்பிட வேண்டும். 15 நாள் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஒன்றரை மடங்கு கூலி. பத்து மணி நேர ஷிஃப்ட் ஒன்றுக்கு 340, 350 பவுண்டு ஆகும். மேஜை ஃபேன் ஒன்று 25 பவுண்டு என்றால், ஒரே ஒரு ஷிஃப்டுக்கு ஆள் பிடிக்கிற பணத்தில் 13 ஃபேன் வாங்கலாம். தூக்கமில்லாமல் நொந்துபோன ஒருவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் போகிற பணத்தில் ஒரு தலைமையகக் கட்டடத்துக்கே வாங்கலாம்.

ஃபேனை வைத்து இவ்வளவு பேசுகிறேனே தவிர, ஃபேன் இதில் கடைசி விஷயம். மேஜையில் உட்காருகிறவர்களுக்குத்தான் ஃபேன். அவர்களும் இருக்கிறார்கள். சீருடை இல்லாத போலீஸ் ஊழியர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். 999 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்கும் அறையில், இரவு ஷிஃப்டில், காதில் ஹெட்செட்டோடு, மறுமுனையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறினால், அந்த இரண்டு மூன்று நிமிடம் அவருக்கு முகத்தில் படும் காற்று பெரிய விஷயம். தெரு முகவரி ஒரு நொடி மறந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மறதி, சொல் வராமல் தடுமாறுவது, காரணமில்லாத படபடப்பு, மூட்டு வலி எல்லாமே இந்தப் பருவத்தின் அறிகுறிகள்தான். பிரிட்டனில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. அதற்குப் பல வருடம் முன்பே தொந்தரவு தொடங்கிவிடும்.

"எல்லாப் பெண்களும் கடந்து வருவதுதானே" என்ற பகுதிக்கு வருகிறேன். உண்மைதான். என் அம்மாவும் கடந்தார், சமையல்கட்டில், யாரிடமும் சொல்லாமல். ஆனால் பள்ளிக்கூட ஆசிரியைக்கும் வங்கி ஊழியருக்கும் இல்லாத சில விஷயங்கள் போலீஸ் வேலையில் உண்டு. ஷிஃப்ட் முறை தூக்கத்தைக் கலைத்துப் போடும். ஏற்கெனவே இரவு வியர்வையால் தூங்காதவருக்கு அது இரட்டை அடி. கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய முடியாது. கழிப்பறை இல்லாத இடத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை 15 மீட்டர் தூரம் பீப் சத்தத்துக்கு ஈடு கொடுத்து முன்னும் பின்னும் ஓடும் உடல்தகுதித் தேர்வு இருக்கிறது. முழங்கால் வலியோடு அதற்கும் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பலவீனம் என்று பெயர் எடுத்துவிடக் கூடாது என்ற பயம். இருபது வருடம் ஆண்களுக்கு நடுவில் "நானும் சமம்தான்" என்று நிரூபித்து வந்தவர் 48 வயதில் "எனக்கு முடியவில்லை" என்று எப்படி வாய் திறப்பார்?

இது ஏன் இத்தனை காலம் கழித்துப் பேச்சாகிறது என்பதற்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. பிரிட்டனில் கைது செய்யும் முழு அதிகாரம் பெற்ற முதல் பெண் போலீஸ் எடித் ஸ்மித், 1915இல் கிராந்தம் நகரில் நியமிக்கப்பட்டார். ஆனால் பல பத்தாண்டுகள் பெண்கள் தனிப் பிரிவாகத்தான் இருந்தார்கள். லண்டன் பெருநகரக் காவல் துறை தன் பெண்கள் பிரிவை ஆண்களோடு இணைத்ததே 1973இல்தான். 2010 வாக்கில்கூட அதிகாரிகளில் நாலில் ஒருவர்தான் பெண். இப்போது மூன்றில் ஒருவருக்கு மேல். அதோடு பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 30 வருடம் முடித்தால் ஐம்பது வயதை ஒட்டிப் போய்விடலாம். 2022 ஏப்ரல் முதல் பணியில் இருக்கும் எல்லோரும் புதிய திட்டத்துக்கு வந்துவிட்டார்கள், அதில் வழக்கமான ஓய்வு வயது 60. பெண்கள் கூடிவிட்டார்கள், வேலை பார்க்கும் வயதும் நீண்டுவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுடம்பு ரோந்து வண்டியில் அபூர்வமாக இருந்த காலம் போய்விட்டது.

ஆராய்ச்சி முன்னமே இருந்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அமண்டா கிரிஃபித்ஸ் குழுவினர், வயது ஏறும் பெண் போலீஸ் அதிகாரிகளின் உடல்நலமும் வேலையும் பற்றி 2006இலேயே அறிக்கை கொடுத்தார்கள். அது ஒரு பெண் போலீஸ் சங்கத்துக்காகச் செய்த ஆய்வு. அதே ஊர்ப் பக்கம் நாட்டிங்ஹாம்ஷையர் காவல் துறை 2017 வாக்கில் மெனோபாஸுக்கென்று கொள்கை வகுத்து மற்றத் துறைகளுக்கு முன்னோடியாக நின்றது. நடுவில் பதினோரு வருடம். நான் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பியது அந்த இடைவெளியில்தான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 சமத்துவச் சட்டத்தில் மெனோபாஸ் என்று தனித் தலைப்பு இல்லை. வயது, பாலினம், உடற்குறைபாடு ஆகிய மூன்றின் வழியாகத்தான் வழக்கு வரும். லெஸ்டர் நகராட்சி ஊழியர் ஒருவரின் வழக்கில், மெனோபாஸ் அறிகுறிகள் கடுமையாக இருந்தால் அதை உடற்குறைபாடாகக் கொள்ள இடமுண்டு என்பதை 2021இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றது. 2023இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக ஒரு பெண்ணுக்கு 64,645 பவுண்டு கொடுக்கச் சொன்னது இன்னொரு தீர்ப்பாயம். காவல் துறை இப்படி ஒரு வழக்கில் தோற்றால் அந்தத் தொகையும் வக்கீல் செலவும் இதே வரிப்பணத்திலிருந்துதான் போகும். நாடாளுமன்றத்தின் பெண்கள், சமத்துவக் குழு 2022இல் மெனோபாஸ் விடுப்பைச் சோதனை முறையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. 2023 ஜனவரியில் அரசு மறுத்தது. 2025இல் வந்த வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் மெனோபாஸ் செயல்திட்டம் வெளியிட வேண்டும் என்பதற்கு வழி செய்திருக்கிறது. ஆகவே "தேவையா" என்ற கேள்வியை அங்கே சட்டமே கிட்டத்தட்ட முடித்துவைத்துவிட்டது.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. இந்தப் பெயரில் போகிற பணத்தில் ஒரு பங்கு வீணாவதைப் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் உலக மெனோபாஸ் தினம் வரும். மாநாட்டு அறையில் கேக், ஊதா நிற ரிப்பன், வெளியிலிருந்து ஒரு பேச்சாளர். வந்து உட்காருகிறவர்கள் யார்? தலைமையகத்தில் ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள். டேப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர் வர முடியாது, அவருடைய சார்ஜென்ட் வர மாட்டார். கம்ப்யூட்டரில் இருபது நிமிடப் பாடம் வைப்பார்கள். "அடுத்து" பட்டனை அமுக்கிக்கொண்டே போனால் சான்றிதழ் வந்துவிடும். இதற்கு ரசீது உண்டு, போட்டோ உண்டு, ஆண்டறிக்கையில் ஒரு பத்தி உண்டு. உண்மையில் உதவுகிற விஷயங்களுக்குப் பெரும்பாலும் ரசீதே கிடையாது.

உதவுவது எது என்று பார்த்ததைச் சொல்கிறேன். ஷிஃப்ட் சார்ஜென்ட் ஒருவருக்கு நேருக்கு நேர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள்: உங்கள் குழுவில் ஒரு பெண் "மாற்று வேண்டும்" என்று கேட்டால், காரணம் கேட்காமல் ஆள் அனுப்புங்கள். இது ஒன்று போதும் பாதிப் பிரச்சினைக்கு. ஒருவருக்குச் சில மாதம் இரவு ஷிஃப்டைக் குறைத்துக் கொடுப்பது. தலைமையகம் வரை போகாமல் சார்ஜென்டே அதை முடிவு செய்ய அதிகாரம் இருப்பது. காலை ஏழு மணிக்குப் பதில் ஒன்பதுக்கு வரட்டும் என்று விடுவது. காற்றுப் போகும் துணியில் சட்டை. லாக்கரில் கேட்காமலேயே இரண்டாவது செட். நீண்ட நேரம் ஆள் நிறுத்தும் இடத்துக்குக் கழிப்பறை உள்ள வண்டி. இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். பணியிட மருத்துவப் பிரிவில் இந்த விஷயம் தெரிந்த செவிலியர் ஒருவர், தன் மருத்துவரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பக் கூடியவர். ஏனென்றால் சிகிச்சை இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கான மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில் வருடச் சலுகை அட்டை கொண்டுவந்தார்கள், ஆரம்ப விலை 19 பவுண்டு 30 பென்ஸ். அதாவது ஒரு வருடம் முழுக்க மருந்து வாங்க இரண்டு சீட்டுக்கு ஆகும் காசு. அது தெரியாமல் மூன்று வருடம் அவதிப்பட்ட இன்ஸ்பெக்டரை எனக்குத் தெரியும்.

அப்புறம் விடுப்புப் பதிவில் மெனோபாஸுக்கென்று ஒரு குறியீடு வேண்டும். நான் இருந்த இடத்தில் பல காலம் அது இல்லை. தூக்கமின்மை மன அழுத்தக் கணக்கில் போனது, மூட்டு வலி எலும்புக் கணக்கில் போனது, பெரும்பாடு "மற்றவை"யில் போனது. ஒரே நோய்ப் பருவம் மூன்று கட்டத்தில் சிதறிக் கிடந்தால் மேலே இருப்பவருக்கு அது பிரச்சினையாகவே தெரியாது. குறியீடு சேர்க்கச் செலவு என்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தை டிக் பண்ணத் துணிவு வர வேண்டுமே, அதற்கும் திரும்ப அந்த சார்ஜென்ட்தான் வேண்டும்.

"இப்படிச் சலுகை கொடுத்தால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்களே" என்று சிலர் கேட்பதுண்டு. முதுகு வலி வந்த ஆண் கான்ஸ்டபிளுக்குப் பல வருடமாக நாற்காலியும் இலகுவேலையும் கொடுத்துத்தான் வருகிறார்கள். அதனால் ஆண்களை எடுக்கத் தயங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் ஊர்ப் பக்கம் திரும்பாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. லண்டனில் பெண்கள் பிரிவை இணைத்த அதே 1973இல்தான் தமிழ்நாட்டில் பெண்கள் முதன்முதலாக போலீஸில் எடுக்கப்பட்டார்கள், இருபத்துச் சொச்சம் பேர். 1992இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2023 மார்ச்சில் பொன்விழா கொண்டாடியபோது பெண் போலீஸார் சுமார் 35,000 பேர். அந்த விழாவில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்பது அறிவிப்புகள் கொடுத்தார். காலை ஏழு மணி ரோல் கால் எட்டு மணிக்கு மாறும், ஸ்டேஷன்களில் பெண்களுக்குக் கழிப்பறையோடு ஓய்வறை, குழந்தைகள் காப்பகம், சென்னையிலும் மதுரையிலும் விடுதி என்றெல்லாம். அதற்கு முன்பே, 2021 ஜூனில், முதலமைச்சர் போகும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் போலீஸை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. மனதாரப் பாராட்ட வேண்டியவை. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்: காப்பகம், விடுதி, குடும்பச் சூழலைப் பார்த்து விடுப்பும் இடமாற்றமும். எல்லாம் பெரும்பாலும் இளம் தாய்மாரை மனதில் வைத்தவை. ஓய்வறையும் ரோல் காலும் மட்டும் எல்லா வயதுக்கும் பொதுவாக அமைந்துவிட்டன.

1990களின் கடைசியிலும் அதற்கு அடுத்த சில வருடங்களிலும் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த பெண்கள் இப்போது 45இல் இருந்து 50க்குள் இருக்கிறார்கள். இந்தியாவில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 என்கிறார்கள், பிரிட்டனைவிட முன்பே. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் ஓய்வு வயதும் 2021இல் 60 ஆகிவிட்டது. ஆக, மாதவிடாய் நின்ற பிறகும் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் பணி பாக்கி இருக்கும். எலும்பு தேய்கிற காலத்தில், சித்திரை வெயிலில், திருவிழா பந்தோபஸ்து.

என் சித்தி தென்மாவட்டத்தில் ஏட்டம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஃபேன் கதையைப் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அதெல்லாம் யாருகிட்டடி சொல்றது? பந்தோபஸ்துன்னா முந்தின நாள் ராத்திரியே தண்ணி குடிக்கிறத நிறுத்திருவேன். அந்த ரெண்டு வருஷமும் கர்ப்பப்பைய எடுத்துருங்கன்னு நானே டாக்டர்கிட்ட கெஞ்சினேன். எடுத்த அப்புறம்தான் நிம்மதியா நின்னேன்." கழிப்பறை வண்டியும் ஒரு டாக்டரின் சரியான ஆலோசனையும் தீர்த்திருக்கக் கூடியதை அறுவைச் சிகிச்சையில் தீர்த்துக்கொண்டிருக்கிறார். இப்படிச் செய்துகொண்டவர்கள் தன்னோடு சேர்ந்த பெண்களிலேயே இன்னும் சிலர் உண்டு என்றார்.

கடைசியாக, வரி கட்டுகிறவர் என்ற முறையில் இதைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கோ பிரிட்டனில் இருக்கும் உங்கள் உறவினருக்கோ தோன்றினால், "மெனோபாஸுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்" என்று மனு போட வேண்டாம். வாளிக் கணக்குப் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் 45 முதல் 55 வயதுக்குள் எத்தனை பெண் அதிகாரிகள் ஓய்வு வயதுக்கு முன்பே விலகினார்கள், அவர்களுடைய சராசரி சர்வீஸ் எத்தனை வருடம்? சார்ஜென்ட்களில் எத்தனை பேர் இதற்கான நேரடிப் பயிற்சி பெற்றார்கள்? விடுப்புப் பதிவில் தனிக் குறியீடு உண்டா, எந்த வருடத்திலிருந்து? நீண்ட காவல் இடங்களுக்குக் கழிப்பறை வண்டி எத்தனை இருக்கிறது? நாலும் ஆள் பதிவிலும் பயிற்சிப் பதிவிலும் வண்டிப் பட்டியலிலும் நேராகக் கிடைப்பவை. 18 மணி நேரக் காரணம் சொல்லி மறுப்பது கடினம். வந்த பதிலைப் பக்கத்து மாவட்டத்தின் பதிலோடு வைத்துப் பாருங்கள்.